ஓட்டை போடாமல் ஆழம் பார்க்க: ஃபைபர் வள்ளத்துக்குள் எக்கோ சவுண்டர் சென்சார் பொருத்தும் முறை

குளச்சல், சின்னமுட்டம் போன்ற துறைமுகங்களில் தண்ணீரிலேயே கட்டிக்கிடக்கும் படகு என்றால், எக்கோ சவுண்டரின் (ஒலியை அனுப்பி ஆழம் காட்டும் கருவி) சென்சாரைப் பின்பலகையில் திருகி மாட்டிவிட்டு வேறு வேலையைப் பார்க்கலாம். நம் கன்னியாகுமரி மாவட்டக் கரையில் மணலில் ஏற்றி நிறுத்தும் வள்ளங்களுக்கு அது சரிவராது. அலையை உடைத்து இறங்கி, திரும்ப அதே அலையில் ஏறி, ஆட்கள் சேர்ந்து மணலில் இழுக்கும்போது பின்னால் தொங்கும் சென்சார் எத்தனை நாள் தாங்கும்? முதலில் பிடிமானம் வளையும். பிறகு சென்சாரின் முகம் மணலில் தேயும். கடைசியில் ஒருநாள் வயர் மட்டும் தொங்கும். வலை சிக்கி இழுத்துப் பிடுங்கிக்கொண்டு போவதும் உண்டு.

இதற்கு மாற்று, சென்சாரை வள்ளத்துக்கு உள்ளேயே, அடித்தளத்தின் மேல் ஒட்டிவிடுவது. ஒலி திடமான ஃபைபரைத் துளைத்துக் கீழே போய், தரையில் பட்டு, அதே வழியில் திரும்பி வரும். அடியில் ஓட்டை இல்லை, வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் உறுப்பும் இல்லை. கருவியோடு வரும் கையேடு ஆங்கிலத்தில் இருக்கும். அதுவும் ஏரியில் ஓட்டி, வண்டியில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுபோகும் படகுகளை மனத்தில் வைத்து எழுதியது. நம் கரைக்கு எது பொருந்தும் என்று ஒவ்வொன்றாகக் கேட்டும் சோதித்தும் தெரிந்துகொள்ளவேண்டியிருந்தது. அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம் என்பதற்காகத்தான் இது.

தொடங்கும் முன் ஒன்றை மட்டும் மனத்தில் வையுங்கள். ஒலி கடல்நீரில் நொடிக்கு ஏறத்தாழ 1,500 மீட்டர் போகும். கெட்டியான ஃபைபரிலும் போகும். நடுவில் காற்று வந்தால் அங்கேயே திரும்பிவிடும். கீழே சொல்லப்போகிற வேலைகளில் பெரும்பாலானவை, சென்சார் முகத்துக்கும் கடலுக்கும் இடையே ஒரு துளிக் காற்றுகூட இல்லாமல் பார்த்துக்கொள்வதற்கானவைதான்.

1. வள்ளத்தின் அடித்தளம் எதனால் ஆனது?

பணத்தை எடுத்து வெளியே வைப்பதற்கு முன் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஃபைபர் மேட்டும் ரெசினும் அடுக்கடுக்காக வைத்து அடித்த கெட்டியான அடித்தளம் என்றால் நல்லது. இரண்டு ஃபைபர் அடுக்குக்கு நடுவே நுரையோ பால்சா மரமோ வைத்த அடித்தளம் என்றால் உள்ளே ஒட்டிப் பயனில்லை. நுரை முழுக்கக் காற்றுதான்.

பிளைவுட் வள்ளத்தின் மேல் ஃபைபர் உறை போட்டிருந்தாலும் இதே கதைதான். வெளியிலிருந்து பார்த்தால் ஃபைபர் வள்ளம் போலவே தெரியும். உள்ளே மரம் இருக்கும். மரத்தின் வழியாக இந்த ஒலி ஒழுங்காகப் போகாது. "எல்லாம் ஃபைபர்தான்" என்று விற்றவர் சொன்னதை நம்பி இறங்காதீர்கள். வள்ளத்தைக் கட்டிய யார்டிலேயே கேளுங்கள்: அடியில் எத்தனை மேட், நடுவில் வேறு ஏதாவது வைத்தீர்களா? பழைய வள்ளமாகி, கட்டியவர் கையில் சிக்காவிட்டால், ஒரு நாணயத்தால் அடித்தளத்தைத் தட்டிக்கொண்டே போங்கள். கெட்டியான இடத்தில் சத்தம் கணீரென்று வரும். நுரையோ பிளவோ இருக்கும் இடத்தில் மந்தமாக ஒலிக்கும்.

இன்னொரு குழப்பமும் உண்டு. வள்ளம் கவிழ்ந்தாலும் மூழ்காமலிருக்க அணியத்திலும் (முன்முனை) பின்பக்கத்திலும் தட்டுக்கு அடியில் நுரை நிரப்பியிருப்பார்கள். நீங்கள் கால் வைத்து நிற்கும் தட்டு வேறு, கடலைத் தொடும் அடித்தளம் வேறு. சென்சார் ஒட்டவேண்டியது அடித்தளத்தில். தட்டின் மேல் ஒட்டிவிட்டு, கருவி கெட்டுப்போய்விட்டது என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு போகிறவர்கள் இருக்கிறார்கள்.

கனம் குறைந்த இடமே நல்லது. அரை அங்குலத்துக்குள் இருந்தால் கவலை வேண்டாம். மணலில் இழுபடுவதால் ஏராவின் (அடியின் நடுவில் நீளமாக ஓடும் முதுகு) மீது கூடுதலாக மேட் அடித்திருப்பார்கள்; அதனால் ஏராவுக்கு நேர் மேலே ஒட்டவே கூடாது.

2. எந்தக் கருவி, எந்த சென்சார்?

கடைக்காரர் திரையின் அகலத்தையும் வண்ணத்தையும் காட்டி விற்பார். நீங்கள் பார்க்கவேண்டியது அலைவரிசையை. 200 கிலோஹெர்ட்ஸ் என்றால் கூர்மையான படம், குறைந்த ஆழம். 83, 77, 50 என்று இறங்க இறங்க ஆழம் கூடும், கூர்மை குறையும். கரையிலிருந்து முப்பது நாற்பது பாகத்துக்குள் (ஒரு பாகம் ஆறடி) தொழில் செய்கிறவர்களுக்கு 200 போதும். வெளியே வெட்ஜ் பேங்க் என்ற ஆழ்கடல் மீன்பிடித் திட்டுப் பக்கம் போகிறவர்கள் இரண்டு அலைவரிசையும் உள்ளதை வாங்குவது நல்லது.

கடல்தரையைப் படம்போல் காட்டும், பக்கவாட்டில் காட்டும் என்று விளம்பரம் செய்யும் வகைகள் 455, 800 கிலோஹெர்ட்ஸில் வேலை செய்பவை. அந்த அலை ஃபைபரைத் துளைத்துப் போகாது. அதற்காகக் கூடுதல் பணம் கொடுத்து வாங்கி உள்ளே ஒட்டினால், சாதாரண எக்கோ மட்டும்தான் தெரியும். தண்ணீரின் வெப்பநிலை காட்டும் வசதியும் இப்படித்தான். உள்ளே ஒட்டிய சென்சார் கடலின் சூட்டைக் காட்டாது, வள்ளத்தின் சூட்டைத்தான் காட்டும்.

அட்டைப்பெட்டியில் போட்டிருக்கும் ஆழத்தை அப்படியே நம்பாதீர்கள். நன்னீரில் 1,600 அடி என்று பெரிய எழுத்தில் இருக்கும். அதே கருவிக்கு உப்புநீரில் 750 அடி என்று கீழே பொடி எழுத்தில் இருக்கும். உள்ளே ஒட்டும்போது ஃபைபர் தன் பங்குக்குக் கொஞ்சம் விழுங்கும். உங்களுக்குத் தேவையான ஆழத்தைப் போல் இரண்டு மடங்காவது உப்புநீரில் காட்டும் கருவியாகப் பார்த்து வாங்குங்கள்.

சென்சார் இரண்டு விதமாகக் கிடைக்கும். ஒன்று, உள்ளே ஒட்டுவதற்கென்றே தயாரித்தது. வட்டமான அடித்தட்டை ஒட்டி, அதற்குள் திரவம் ஊற்றி, சென்சாரைச் சாய்வுக்கு ஏற்பத் திருப்பிப் பூட்டும் வகை இதில் சிறந்தது. ஏர்மார் நிறுவனத்தின் பி79 என்ற மாதிரி 22 டிகிரி சாய்வு வரை சரிசெய்துகொள்ளும். இதைத் தனியாக வாங்கவேண்டும். சிறிய கருவி என்றால் சென்சாரின் விலையே கருவியின் விலையில் பாதியைத் தாண்டிவிடலாம். மற்றொன்று, கருவியோடு பெட்டியில் வரும் பின்பலகை சென்சார். அதன் முகம் தட்டையாக இருந்தால் அதையே உள்ளே ஒட்டலாம். முகம் வளைந்தோ மேடுபள்ளமாகவோ இருந்தால் நேரடியாக ஒட்டவேண்டாம். ஐந்தாவது பகுதியில் சொல்லும் குழாய் முறைக்குப் போங்கள்.

ஒரு நிறுவனத்தின் சென்சார் பிளக் இன்னொரு நிறுவனத்தின் கருவியில் ஏறாது. ஒரே நிறுவனத்திலும் நான்கு முள், எட்டு முள் என்று மாறும். வாங்கும்போது கடையிலேயே செருகிப் பாருங்கள். பெட்டியில் வரும் வயர் பெரும்பாலும் இருபது அடி இருக்கும். சென்சாரிலிருந்து திரை வைக்கும் இடம் வரை ஒரு கயிறு பிடித்து அளந்துகொண்டு கடைக்குப் போங்கள்.

3. பில், ஆவணம், செலவு

நான்கு அங்குலத் திரையும் சாதாரண சென்சாரும் உள்ள கருவி பதினைந்தாயிரம் ரூபாயை ஒட்டித் தொடங்கி இருபத்தைந்தாயிரம் வரை போகும். கடைக்குக் கடை மாறும். மற்றவை எல்லாம் சில்லறைச் செலவு. மெதுவாக இறுகும் அரால்டைட் (எப்பாக்சி பசை), உப்புத்தாள், அசிட்டோன், பி.வி.சி. குழாய்த் துண்டு ஆகியவை ஆயிரம் ரூபாயைத் தாண்டாது. இவை நாகர்கோவிலில் பெயிண்ட், ஹார்டுவேர் கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும். சென்சார் மட்டும் தனியாக வேண்டும் என்றால்தான் அலைச்சல். கொச்சி, தூத்துக்குடி பக்கம் விசாரிக்கவேண்டி வரும். ஆர்டர் கொடுத்து வரவழைப்பதாக இருந்தால் ஒரு மாத அவகாசம் வைத்துக்கொள்ளுங்கள்.

மானியம் எதிர்பார்க்கிறீர்கள் என்றால், வாங்குவதற்கு முன்பே உங்கள் பகுதி மீன்வளத் துறை உதவி இயக்குநர் அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். திட்டங்கள் ஆண்டுக்கு ஆண்டு மாறும். அனுமதி வாங்கிய பிறகு வாங்கும் பொருளுக்குத்தான் பொதுவாக மானியம் பேசமுடியும். போன மாதத்துப் பில்லை நீட்டினால் மரியாதையாகத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். படகின் பதிவுச் சான்றிதழ், மீன்பிடி உரிமம், ஆதார், வங்கிப் புத்தகம், மீனவர் கூட்டுறவுச் சங்க உறுப்பினர் அட்டை ஆகியவற்றின் நகல்களைக் கையில் வைத்துக்கொண்டு போனால் இரண்டாவது நடை மிச்சம்.

நம் பக்கத்தில் வள்ளம் அண்ணன் பெயரிலும், என்ஜின் மைத்துனர் பெயரிலும் இருப்பது சாதாரணம். கருவியின் பில்லாவது படகின் பதிவுச் சான்றிதழில் உள்ள பெயரிலேயே இருக்கட்டும். பில்லில் ஜி.எஸ்.டி. எண்ணும், கருவி, சென்சார் இரண்டின் சீரியல் எண்களும் எழுதியிருக்கிறதா என்று கடையைவிட்டு இறங்கும் முன் பாருங்கள். சென்சாரின் சீரியல் எண் பெரும்பாலும் அதன் உடம்பிலோ வயரில் ஒட்டிய சீட்டிலோ இருக்கும். ஒட்டி முடித்தபின் உடம்பில் உள்ள எண்ணை யாராலும் படிக்கமுடியாது. ஒட்டுவதற்கு முன் படம் எடுத்து, பில்லின் படத்தோடு சேர்த்துச் செல்பேசியில் வையுங்கள்.

4. எப்போது செய்வது?

அடித்தளம் காய்ந்திருக்க வேண்டும், கடல் அடங்கியிருக்க வேண்டும், வள்ளம் இரண்டு மூன்று நாள் சும்மா கிடக்கவேண்டும். இந்த மூன்றும் சேர்ந்து வருவது தை, மாசியில்.

தடைக்காலத்தில் செய்துகொள்ளலாம் என்றுதான் எல்லாருக்கும் முதலில் தோன்றும். விசைப்படகுகளுக்கான தடை சின்னமுட்டம் பக்கம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் உள்ளிட்ட மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. அந்த நாட்களில் ஃபைபர் வேலை செய்கிறவர்கள் எல்லாரும் பெரிய படகுகளில் ஏறிவிடுவார்கள். கூப்பிட்டால் நாளை, மறுநாள் என்பார்கள். மேற்குக் கரையில் ஆனி, ஆடி மழையில் அடித்தளத்தில் ஈரம் காயாது. ஒட்டிவிட்டாலும் கடலில் இறக்கிச் சோதித்துப் பார்க்க அந்தக் கடல் விடாது.

5. இடம் தேடுதல்

வேலையில் முக்கால் பங்கு இதுதான். இங்கே அவசரப்பட்டால் பிறகு உளியும் சுத்தியலும்தான்.

பின்பக்க மூன்றில் ஒரு பங்குக்குள், ஏராவை ஒட்டி ஆனால் ஏராவின் மேல் இல்லாமல், சமமாக உள்ள ஒரு இடத்தைப் பாருங்கள். வள்ளம் வேகமெடுத்து அணியம் தூக்கும்போதும் அந்த இடம் தண்ணீரைத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். வெளியே குனிந்து அடிப்பக்கத்தையும் பாருங்கள். அந்த இடத்துக்கு முன்னால் வரிப்பு, ஒட்டுப்போட்ட மேடு, ஆணி ஏதாவது இருந்தால் ஓட்டத்தில் நுரை கிளம்பி சென்சாருக்கு நேர் கீழே ஓடும். அப்போது நிற்கும்போது ஆழம் தெரியும், ஓடும்போது தெரியாது. என்ஜினின் புரொப்பெல்லர் பின்னாலிருந்து பார்க்க வலமாகச் சுற்றுவதாக இருந்தால் ஏராவுக்கு வலப்பக்கம் சற்று நல்லது. இதழ் அந்தப் பக்கம் கீழ்நோக்கி இறங்குவதால் நுரை குறைவு. வங்கின் (குறுக்கே ஓடும் விலாச்சட்டம்) மேலும் வங்கை ஒட்டியும் வைக்கவேண்டாம்.

இப்போது சோதனை. வள்ளம் தண்ணீரில் மிதக்கட்டும். துறைமுகத்துக்குள்ளோ அலை அடங்கிய இடத்திலோ குறைந்தது ஐந்தாறு பாகம் ஆழத்தில் நங்கூரம் போடுங்கள். முதலில் சென்சாரைக் கையில் பிடித்து, வள்ளத்துக்கு வெளியே தண்ணீரில் முக்கி, கருவி காட்டும் ஆழத்தையும் தரைக்கோட்டின் தடிப்பையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். இது உங்கள் உரைகல். பிறகு கெட்டியான பாலிதீன் பையில் தண்ணீர் ஊற்றி, சென்சாரை உள்ளே விட்டு, முகத்தில் ஒட்டியிருக்கும் குமிழிகளை விரலால் தடவிப் போக்கி, வாயைக் கட்டுங்கள். அடித்தளத்தில் தேர்ந்த இடத்தைத் துடைத்து, கொஞ்சம் தண்ணீர் தெளித்து, அந்த ஈரத்தின் மேல் பையை அழுத்தி வையுங்கள். வெளியே காட்டிய ஆழமே உள்ளேயும் வந்தால் இடம் தேறியது. தரைக்கோடு கொஞ்சம் மெலிந்திருக்கும், அது இயல்பு. ஆழமே வராவிட்டால் ஒரு சாண் தள்ளி வையுங்கள். நான்கைந்து இடத்திலும் வரவில்லை என்றால் அடித்தளத்தில் நுரையோ மரமோ இருக்கிறது என்று பொருள். முதல் பகுதிக்குத் திரும்புங்கள், கருவியைத் திட்டாதீர்கள்.

ஓட்டத்திலும் சோதிக்கவேண்டும் என்றால், சென்சார் முகத்தில் வாசலினைத் தடிப்பாகத் தடவி, அதே இடத்தில் அழுத்தி ஒட்டி, மேலே மணல்பை வைத்து ஒரு சுற்று ஓட்டிப் பாருங்கள். வேகத்தைக் கூட்டும்போது கோடு எங்கே உடைகிறது என்று கவனியுங்கள். ஆனால் அந்த வாசலின் ஒரு இம்மி மிச்சமிருந்தாலும் நாளைக்கு அரால்டைட் பிடிக்காது.

சாய்வைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். தட்டையான அடித்தளத்தில் ஒட்டிய சென்சார் நேராகக் கீழே பார்க்கும். கூரான அடித்தளம் என்றால் சென்சாரும் சாய்ந்து பக்கவாட்டில் பார்க்கும். 15 டிகிரி சாய்ந்தால் முப்பது பாக ஆழத்தில் ஏறத்தாழ எட்டுப் பாகம் தள்ளி இருக்கும் தரையைத்தான் நீங்கள் திரையில் பார்க்கிறீர்கள். சும்மா ஆழம் அறிய இது பெரிய தொல்லை இல்லை. பார் (கடலடிப் பாறை) தேடிப் போகிறவர்களுக்கு இது பெரிய தொல்லை. எக்கோ பாரைக் காட்டும், தூண்டில் மணலில் கிடக்கும். பத்து டிகிரிக்குள் என்றால் நேரடியாக ஒட்டுங்கள். அதற்கு மேல் என்றால் சாய்வைச் சரிசெய்யும் சென்சார் வாங்குங்கள், அல்லது இந்தக் குழாய் முறையைச் செய்யுங்கள்.

நான்கு அங்குல பி.வி.சி. குழாயில் ஒரு சாண் வெட்டி, கீழ்முனையை அடித்தளத்தின் சாய்வுக்கு ஏற்ப அறுத்துத் தேயுங்கள். குழாயை நிறுத்திப் பார்த்தால் செங்குத்தாக நிற்கவேண்டும். அதை அரால்டைட்டால் ஒட்டி, சுற்றிலும் கசிவு இல்லாமல் அடைத்து, உள்ளே லிக்விட் பாராஃபின் ஊற்றுங்கள். மருந்துக்கடையில் புட்டியில் விற்பார்கள். தண்ணீர் ஊற்றினால் வற்றும், பாசி பிடிக்கும். சென்சாரை முகம் கிடைமட்டமாக இருக்கும்படி எண்ணெய்க்குள் முழுக்கத் தாழ்த்தி, மூடி போட்டு இறுக்குங்கள். எண்ணெய் மூடி வரை நிறைந்திருக்கட்டும். பாதிக் குழாய் எண்ணெய் என்றால் வள்ளம் அலையில் குதிக்கும்போது நுரைத்துவிடும். இந்த முறையில் சென்சார் கெட்டால் எடுத்து மாற்றலாம். இடம் இருக்கும் வள்ளத்துக்கு நான் இதைத்தான் சிபாரிசு செய்வேன்.

6. ஒட்டும் நாள்

வள்ளத்தைக் கரையில் ஏற்றியபின் அது ஒரு பக்கமாகச் சாய்ந்துதான் நிற்கும். அப்படியே ஊற்றினால் அரால்டைட் பள்ளத்துக்கு ஓடிவிடும். சென்சாரும் அதன் பின்னால் மெல்ல நகரும். இரண்டு பக்கமும் மணல்மூட்டை முட்டுக் கொடுத்து, தண்ணீரில் நிற்பதுபோல் வள்ளத்தைச் சமமாக நிறுத்துங்கள்.

அடித்தளத்தில் தேங்கிய தண்ணீரை இறைத்து, சோப்புத் தண்ணீரால் தேய்த்து, நன்னீர் விட்டுக் கழுவி, ஒரு நாள் வெயிலில் காயவிடுங்கள். மீன் கொழுப்பும் என்ஜின் எண்ணெயும் ஃபைபரில் ஊறியிருக்கும். பிறகு ஒரு சாண் சதுரத்துக்கு 80 எண் உப்புத்தாளால் தேயுங்கள். மேலே பூசிய பெயிண்டும் மெழுகு கலந்த மேல்பூச்சும் போய், ஃபைபரின் மங்கலான நிறம் தெரியவேண்டும். சென்சாரின் முகத்தையும் மெல்லிய உப்புத்தாளால் லேசாக, பளபளப்பு போகும் அளவுக்கு மட்டும் தேயுங்கள். அடித்தளத்தை அசிட்டோனில் நனைத்த வெள்ளைத் துணியால் துடையுங்கள். துணியில் அழுக்கு வராதவரை துணியை மாற்றிக்கொண்டே இருங்கள். சென்சாரின் மேல் அசிட்டோன் படவேண்டாம், பிளாஸ்டிக்கைத் தின்னும். அதற்கு சோப்பும் தண்ணீரும் போதும். பெட்ரோல் கேனும் மண்ணெண்ணெய் கேனும் வள்ளத்தை விட்டு இறங்கட்டும், பீடியும்தான்.

யார்டு ஆள் யாரையாவது துணைக்கு அழைத்தால் "இதற்கு எதற்கு அரால்டைட், மக்களே? இரண்டு சொட்டு கேட்டலிஸ்ட் விட்டு ரெசின் ஊற்றினால் அரைமணியில் முடிந்தது" என்பார். வள்ளம் கட்டுவதில் அவர் கை பெரிய கை. இந்த விஷயத்தில் மட்டும் கேட்காதீர்கள். அந்த பாலியெஸ்டர் ரெசின் தடிப்பாக ஊற்றினால் சூடேறும், சுருங்கும், விரிசல் விடும். விரிசலில் காற்று புகும். சிலிக்கோன் பசையும் எம்-சீலும் வேண்டாம். ஐந்து நிமிடத்தில் இறுகும் பசையும் வேண்டாம். குமிழிகள் மேலே வந்து உடைய அதில் நேரமே இல்லை. மெதுவாக இறுகும் இரண்டு டியூப் வகையே சரி.

வெயில் தாழ்ந்தபின் தொடங்குங்கள். நண்பகல் சூட்டில் கலவை கையிலேயே கெட்டியாகும். பாக்கெட்டில் சொன்ன விகிதத்தில் இரண்டையும் எடுத்து, தட்டையான தட்டில், பாயசம் கிளறுவதுபோல் மெதுவாகக் கலக்குங்கள். முட்டை அடிப்பதுபோல் அடித்தால் அவ்வளவு குமிழியும் உள்ளே போய்விடும். கலந்தபின் ஐந்து பத்து நிமிடம் அசையாமல் வையுங்கள். சிறு குமிழிகள் மேலே வந்து ஒவ்வொன்றாக உடைவதைப் பார்க்கலாம்; ஊசிமுனையால் குத்தியும் உடைக்கலாம்.

பிள்ளைகள் விளையாடும் களிமண்ணைத் திரித்து, சென்சாரைவிட ஒரு விரல்கடை பெரிதாக அடித்தளத்தில் ஒரு வரப்பு கட்டுங்கள். வரப்புக்குள் கலவையை ஒரே மூலையிலிருந்து ஊற்றி, தானாகப் பரவவிடுங்கள். சென்சார் முகத்திலும் மெல்லிய பூச்சாகத் தடவுங்கள். இப்போது சென்சாரைத் தட்டென்று மேலிருந்து வைக்கக்கூடாது. வைத்தால் நடுவில் காற்று சிறைப்படும். ஒரு ஓரத்தை முதலில் கலவையில் ஊன்றி, மறு ஓரத்தை மெல்லத் தாழ்த்துங்கள். கலவை அலைபோல் முன்னே நகர்ந்து காற்றைத் தள்ளிக்கொண்டு போகும். முழுக்கப் படிந்தபின் இடமும் வலமுமாகச் சிறிது திருகுங்கள். ஓரத்தில் குமிழிகள் வெளிவரும். இரண்டாவது, மூன்றாவது திருகலில் நின்றுவிடும். நின்றால் கையை எடுத்துவிடுங்கள். மேலே சிறிய மணல்பை ஒன்று போதும். சென்சாரைத் தூக்கிப் பார்த்தால் மறுபடி காற்று புகும். தூக்கினால் எல்லாவற்றையும் துடைத்துவிட்டு முதலிலிருந்து தொடங்கவேண்டும்.

மறுநாள் தொட்டால் கல்லாக இருக்கும். ஆனாலும் இரண்டு நாள் முழுதாக விடுங்கள். அலையில் அடித்து இறங்கும் வள்ளத்துக்கு அந்த இரண்டாம் நாள் முக்கியம்.

7. வயரும் பேட்டரியும்

சென்சார் வயரை வெட்டி ஒட்டுப்போடாதீர்கள். மிஞ்சினால் அகலமாகச் சுருட்டிக் கட்டிவையுங்கள். என்ஜின் வயர், வி.எச்.எஃப். ரேடியோவின் ஆன்டெனா வயர் ஆகியவற்றோடு ஒரே கட்டாகக் கட்டினால் திரையில் புள்ளிமழை பெய்யும். மறுபக்க ஓரமாகக் கொண்டுபோங்கள். வலை இழுக்கும் பக்கம், கால் மிதிக்கும் பக்கம் இரண்டையும் தவிர்த்து, குழாய்க்குள் விட்டால் நல்லது.

கயிறு இழுத்துக் கிளப்பும் என்ஜின் உள்ள வள்ளத்தில் பேட்டரியே இருக்காது. சிறிய கருவி ஒரு ஆம்பியருக்கும் குறைவாகவே எடுக்கும். ஆயிரம் ரூபாயை ஒட்டி விற்கும் 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி பேட்டரி ஒரு இரவுக்குத் தாங்கும். மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டியில் வைத்து, கரைக்கு வந்ததும் வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சார்ஜ் போடுங்கள். கையேட்டில் சொன்ன ஆம்பியர் ஃபியூஸைச் சிவப்பு வயரில், பேட்டரிக்கு அருகிலேயே போடவேண்டும். திரைக்கருவியின் பின்புற பிளக்குகளில் வாசலின் தடவினால் உப்பு அரிக்காது. (இங்கே தாராளமாகத் தடவலாம்.)

8. கடலில் இறக்கியபின்

கருவியின் அமைப்புகளில் தண்ணீர் வகையை உப்புநீர் என்று மாற்றுங்கள். பல கருவிகள் நன்னீர் என்றே வரும்; மாற்றாவிட்டால் ஆழத்தில் சிறு பிசகு இருக்கும். அலகைப் பாகத்துக்கு ஒத்த ஃபேதம் (fathom) என்பதற்கு மாற்றிக்கொள்ளலாம். ஒரு ஃபேதம் ஆறடி. எண்ணைப் பார்த்ததும் மனக்கணக்குப் போடாமல் அப்பச்சிக்கும் புரியும்.

பிறகு ஈயக்குண்டு கட்டிய கயிற்றை இறக்கி, நின்ற இடத்தில் ஆழம் அளந்து, கருவி சொல்வதோடு ஒப்பிடுங்கள். நீங்கள் முன்பு எடுத்து வைத்த படத்தோடும் ஒப்பிடுங்கள். பை வைத்துச் சோதித்தபோது தெரிந்ததைவிட இப்போது கோடு மிக மெலிந்திருந்தால் அரால்டைட்டுக்குள் காற்று இருக்கிறது. கெயினை (எக்கோவைப் பெருக்கிக் காட்டும் அமைப்பு) கூட்டிச் சமாளிக்கப் பார்க்காதீர்கள். அது குப்பையைத்தான் பெரிதாக்கும். ஆழம் இல்லாத இடத்தில் திடீரென்று இரண்டு மடங்கு காட்டினால் பயப்படவேண்டாம், ஒலி தரைக்கும் வள்ளத்துக்கும் இடையே இரண்டு முறை போய்வந்திருக்கிறது. கெயினைக் குறைத்தால் சரியாகும். மணலில் ஏற்றி நிற்கும்போது கருவியைப் போட்டுப் பார்த்துவிட்டு, ஆழம் வரவில்லை என்று யாரையும் தொலைபேசியில் அழைக்காதீர்கள்.

ஒட்டியது சரியில்லை என்று தெரிந்தால், மெல்லிய உளியை அரால்டைட்டுக்கும் ஃபைபருக்கும் நடுவே வைத்து, ஓரம் ஓரமாகச் சிறுசிறு தட்டாகத் தட்டிக் கிளப்பவேண்டும். சில சமயம் சென்சார் பிழைக்கும், சில சமயம் முகம் பெயர்ந்துவிடும். வள்ளத்தின் ஃபைபர் பெயர்ந்தால், அந்த இடத்தில் இரண்டு மேட் வைத்து அடித்து, காய்ந்தபின் வேறு இடம் பாருங்கள். பழுது பார்த்த இடத்தின் மேலேயே மறுபடி ஒட்டவேண்டாம்.

பிளைவுட் வள்ளக்காரர்களுக்கு இரண்டு வழி உண்டு. பின்பலகையில் கீல் வைத்துத் தூக்கும் பிடிமானத்தில் சென்சாரை மாட்டி, கரை நெருங்கும்போது மேலே தூக்கிக் கட்டிவிடலாம். அல்லது பக்கவாட்டில் ஒரு கம்பில் கட்டி, தொழில் செய்யும் இடத்தில் மட்டும் தண்ணீருக்குள் இறக்கலாம். அடியில் ஓட்டை போட்டுப் பொருத்தும் வகையை மணலில் ஏறும் வள்ளத்துக்கு யார் சொன்னாலும் செய்யாதீர்கள்.